நானூற்றொன்றாவது படம்

மெமரி கார்டின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு பூட்டு உண்டு. அதைக் கீழே தள்ளிவிட்டால் புதிதாக ஒரு படமும் ஏறாது. கல்யாணத்தைப் படமெடுத்து முடித்ததும் நான் முதலில் செய்கிற வேலை அதுதான். அன்று ஒரு கல்யாணத்தில் அப்படிப் பூட்டியபோது நானூறு படங்கள். மறுநாள் கம்ப்யூட்டரில் போட்டால் நானூற்றொன்று.

கூடுதல் படத்தில் மணப்பெண் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கேமராவும் கையுமாக நான்.

"நீங்க எடுத்ததுலயே இதுதான் உருப்படி," என்றாள் மனைவி.

"நானே அதுல நிக்கிறேனே. அப்ப எடுத்தது யாரு?"

எந்தக் கல்யாணத்துக்கும் நான் தனி ஆளாகத்தான் போவேன்.

ஆல்பம் பார்த்துவிட்டுப் பெண்ணின் அப்பா போன் செய்தார். "சின்னவளுக்கும் கல்யாணம் முடிவாயிடுச்சு தம்பி. அந்த இன்னொரு போட்டோகிராபரையே அனுப்புங்க."

"அப்ப நான்?"

"நீங்களும் வாங்க. லைட் பிடிக்க ஆள் வேணும்னு அவர் சொன்னாரு."