காயில் மாற்றிய வண்டி

மனைவி சுஷ்மாவின் மூன்றாவது போனையும் வெட்டிவிட்டு, சுதர்ஷன் மறுபடி ஸ்பானரை எடுத்தார். எதற்குக் கூப்பிடுகிறாள் என்று தெரியாதா என்ன! மணி பதினொன்றரை ஆயிற்று என்று குத்திக்காட்டத்தான்.

வீட்டில் பேச்சு அப்படி. ஆயுத பூஜையன்று பகல் பன்னிரண்டுக்குள் ஸ்டார்ட் ஆனால் வண்டி இங்கேயே இருக்கலாம். ஆகாவிட்டால் குஜரிக்காரன் வந்து பழைய இரும்போடு இரும்பாக ஏற்றிக்கொண்டு போய்விடுவான். சுஷ்மா போன வாரமே அவனிடம் சொல்லி வைத்துவிட்டாள்.

தொண்ணூற்றாறில் ரயில்வே பட்டறைச் சங்கத்தில் கடன் போட்டு வாங்கிய கறுப்பு மோட்டார் பைக். அந்த வருஷம் பட்டறையில் பாதிப் பேர் வாங்கியது அதே கறுப்புதான். முப்பது வருஷ உத்தியோகத்தில் தனக்கென்று மிச்சமானது இது ஒன்றுதான் என்பது சுதர்ஷனின் நினைப்பு. அதைக் கண்ணெதிரே எடைக்குப் போடுவதா?

"இக்னிஷன் காயில் அவுட் சார். மாத்தினா தீர்ந்தது" என்று மெக்கானிக் காலையில் போனிலேயே வைத்தியம் சொல்லிவிட்டு, தன் கடைப் பூஜைக்குப் போய்விட்டான். சுதர்ஷன் யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்தார். தேவராஜ மொஹல்லாவில் ஷட்டரை இறக்கப் போன கடைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு காயில் வாங்கிக்கொண்டு, தசராக் கூட்டத்தில் நசுங்கித் திரும்புவதற்குள் உயிர் போய்விட்டது.

அதற்குள் வாட்ச்மேன் அபார்ட்மெண்ட் வண்டிகளை எல்லாம் கழுவி வரிசையாக நிறுத்தி, நம்பர் பிளேட் ஒன்று விடாமல் சந்தனத்தை அப்பியிருந்தான். சுதர்ஷன் நேராகப் போய்க் கறுப்பு வண்டியின் சாமந்தி மாலையைக் கழற்றிக் கைப்பிடிச் சுவரில் வைத்தார். தேய்ந்துபோன பூட்டு, ஹேர்பின்னைச் செருகினாலும் திரும்பும். சாவியும் திரும்பியது.

டேங்கைத் தூக்கினால் காற்றைப் போல வந்தது. சொட்டுப் பெட்ரோல் இல்லை.

"எவனோ உறிஞ்சியிருக்கான். இந்த வாட்ச்மேன் இருந்து என்ன பிரயோஜனம்!" என்று முணுமுணுத்துக்கொண்டே, சுஷ்மாவின் ஸ்கூட்டரில் டியூபை விட்டு ஒரு பாட்டில் உறிஞ்சி எடுத்தார். வாயெல்லாம் பெட்ரோல் நாறியது.

அடுத்தது காயில் போல்ட். போன மாதம்தான் மெக்கானிக் கழற்றித் துடைத்து மாட்டினதாகச் சொன்னான். பார்த்தால், ஒரு வருஷமாக மனிதக் கையே படாதது போலத் துருவேறி இறுகிக் கிடந்தது. ஸ்பானர் வழுக்கி மூன்று விரல் முட்டியும் பெயர்ந்தது.

"கடங்காரன்! கழட்டாமலேயே கழட்டினேன்னு கதை விட்டிருக்கான்."

"எதுக்குண்ணா இவ்ளோ சிரமம்? கையெல்லாம் ரத்தம்" என்று காபி டம்ளரோடு வந்து நின்றாள் எதிர் ஃபிளாட் அன்னபூர்ணி. பட்டறையில் அவரோடு வேலை பார்த்த கணபதிராமனின் மனைவி. கணபதிராமன் போய் ஒரு வருஷம் ஆகிறது.

"விடறதா இல்ல அன்னபூர்ணி. இன்னிக்கு இது கத்தியே ஆகணும்!"

அவள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியேறிப் போனாள். நல்ல நாளும் அதுவுமாகக் கணவன் நினைப்பு வந்திருக்கும், பாவம்.

புதுக் காயிலை மாட்டி, பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்து உதைத்தார். பொறி இல்லை. இன்னும் பத்து உதை. வேட்டி நனைந்ததுதான் மிச்சம். போன் நாலாவது தடவை அடித்தது, வெட்டினார். அழுகை வரும்போல இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சம் வந்தும்விட்டது.

அப்போதுதான் உறைத்தது. காயில் உட்காரும் இடம் முழுக்கத் துரு. எர்த் எப்படிக் கிடைக்கும்? உப்புத்தாளை எடுத்து இரும்பு பளபளக்கும்வரை வெறியோடு தேய்த்தார். மறுபடி மாட்டி உதைத்ததும் பிளக் நுனியில் நீலப் பொறி பளிச்சென்று குதித்தது.

டேங்கை ஏற்றிப் பெட்ரோலை ஊற்றினார். ஆறாவது உதையில் வண்டி இருமியது, வெள்ளைப் புகையைக் கக்கியது, பிறகு கட்டடமே அதிரப் பிடித்துக்கொண்டது. மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம்.

சுஷ்மா கரண்டியும் கையுமாகப் படியிறங்கி ஓடி வந்தாள்.

"கேட்டியா சத்தத்தை?" என்று சுதர்ஷன் கூவினார். "குஜரிக்காரனுக்குப் போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லு!"

"ஐயோ தேவரே, போனை ஏன்னா கட் பண்ணிண்டே இருந்தேள்? அவன் பத்தரைக்கே வந்து நம்ம வண்டியை ஏத்திண்டு போயிட்டானே! நீங்க சொல்லாம கிளம்பினதும், பாக்க மனசில்லாமப் போயிட்டேள்னு நெனச்சு, எடுத்துக்கோன்னு சொல்லிட்டேன்."

சுதர்ஷனுக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. சுஷ்மாவை, வாட்ச்மேனை, குஜரிக்காரனை, எல்லாரையும் சேர்த்து ஒரே மூச்சில் கத்தித் தீர்க்க வாயைத் திறந்தார்.

"அப்போ இது எவன் வண்டி?"

அன்னபூர்ணி கையில் ஓர் எலுமிச்சம்பழத்தோடு வந்து, முன்சக்கரத்துக்கடியில் குனிந்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அவர் போனப்புறம் இதோட சத்தத்தை இன்னிக்குத்தான் கேக்கறேண்ணா."