காலையில் திறந்த வால்வு

நகராட்சித் தண்ணீர் திறந்துவிடுபவர் தெருக்குழாயில் பிடித்த பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்க்கிறார். தண்ணீர் மஞ்சளாகக் கலங்கியிருக்கிறது. சாக்கடை நாற்றம் அடிக்கிறது. காலையில் அவரே திறந்த வால்வை இப்போது அடைத்துவிட்டார், ஆனால் வீடுகளில் குடங்கள் நிறைந்துவிட்டன. மனைவிக்குப் போன் போடுகிறார். "குழாய்த் தண்ணிய யாரும் வாயில வச்சிடாதீங்க!" "என்னங்க சொல்றீங்க? பாப்பா இப்பத்தான் ஒரு டம்ளர் குடிச்சிட்டுப் பள்ளிக்கூடம் போனா..." போனைப் பையில் போட்டுக்கொண்டு அவர் தெருவில் ஓடுகிறார். எதிரே குப்பை வண்டி பாட்டுப் போட்டபடி வருகிறது. மறித்து ஏறி, ஓட்டுநர் பக்கத்தில் மாட்டியிருக்கும் ஒலிபெருக்கி மைக்கைப் பிடுங்குகிறார். பாட்டு நிற்கிறது, வாசல்களில் பெண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். தெரு முழுக்க அவருடைய மூச்சிரைப்புதான் முதலில் கேட்கிறது. பிறகு உடைந்த குரல்: "என் பொண்ணு குடிச்சிட்டாம்மா... நீங்களாவது குழாய்த் தண்ணியக் கொட்டிடுங்க."