படம் நல்லா இல்ல

"பரிபூரணம், சுத்தி வளைக்காம சொல்லு. இன்னைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல படம் பாத்தியா, இல்லையா?"

வாலிபர் போதகர் பொன்னுராஜ் எடுத்த எடுப்பிலேயே அந்தப் பிள்ளையைக் கேட்டார். சனிக்கிழமை சாயங்காலப் பாட்டுப் பயிற்சிக்கு வந்தவள், தோளில் துணிப்பையோடு கதவோரமாகவே நின்றாள். மற்றப் பிள்ளைகள் இன்னும் வந்து சேரவில்லை.

ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் நூல் சுற்றும் ரீலிங் வேலை பார்க்கும் இருபது வயதுப் பெண். சபையில் அவள் குரலுக்கு ஈடு கிடையாது. அடுத்த மாதம் நடக்கவிருந்த கன்வென்ஷன் கூட்டத்தில் தனிப்பாட்டே அவளுக்குத்தான்.

பொன்னுராஜுக்குச் சினிமா என்றாலே ஆகாது. காலேஜில் படித்தபோது முதல் நாள் முதல் காட்சிக்குச் சட்டை கிழிய நின்று, மூன்று பாடத்தில் கோட்டை விட்டவர். பாம்பின் கால் பாம்பறியும் அல்லவா? இந்த வருஷம்தான் தெருவுக்கு நாலு டி.வி. வந்திருந்தது. ஞாயிறு சாயங்காலம் அதில் படம் போடுகிறார்கள் என்று மாலை ஆராதனைக்குப் பாதி சபை வருவதே இல்லை. "கதாநாயகன் அழுதா கூடச் சேந்து அழுறீங்க, பக்கத்து வீட்டுக்காரன் அழுதா சன்னலைச் சாத்துறீங்க" என்று போன வாரம்கூடப் பிரசங்கத்தில் விளாசியிருந்தார்.

அப்படிப்பட்டவரிடம்தான் சபை மூப்பர் ஐயாதுரை, பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு வந்து பற்ற வைத்துவிட்டுப் போயிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பஸ் ஏறிய பரிபூரணம், முன் சீட்டில் அவர் இருந்ததைக் கவனிக்கவில்லை. "படம் நல்லா இல்லக்கா" என்று கூட வந்த மில்காரி சண்முகத்தாயிடம் அவள் சொன்னதை மூப்பர் காதாரக் கேட்டாராம்.

அவர் காதில் விழுந்ததுதான் வம்பு. பரிபூரணத்தின் அக்கா ரத்தினத்தை அவருடைய மகனுக்குத்தான் பேசி முடித்திருந்தது. மே மாதம் கல்யாணம். "படம் பாத்தது பெரிசில்ல, பாஸ்டர். சின்னப் பிள்ள. ஒத்துக்கிட்டா விட்டுருவேன். மறைச்சான்னா, அந்த வீட்டுல பொண்ணு எடுக்கவா வேண்டாமான்னு யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் மூப்பர் போனார்.

பொன்னுராஜ் அதை அப்படியே அவளிடம் சொன்னார். "ஒங்க அக்கா வாழ்க்கை இப்ப ஒன் நாக்குல இருக்கு. சொல்லு."

பரிபூரணம் துணிப்பையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். பிறகு, "பாத்தேண்ணே" என்றாள்.

"எத்தனை தடவை?"

"போன மாசம் ஒண்ணு. இன்னைக்கு ஒண்ணு."

"சீட்டு வாங்கி, வரிசையில நின்னு?"

"ஆமாண்ணே. ரொம்ப நேரம் நின்னேன்."

"இருட்டுக்குள்ள போறப்ப மனசு ஒண்ணும் சொல்லலையா?"

"பயமாத்தான் இருந்துச்சு. செபம் பண்ணிக்கிட்டுத்தான் உள்ள போனேன்."

பொன்னுராஜுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செபம் பண்ணிவிட்டுப் படத்துக்குப் போகிற கூத்தை அவர் இப்போதுதான் கேள்விப்படுகிறார்.

"அதானே பாத்தேன். ரெண்டு மாசமா ஒன் பாட்டுல பழைய சாரம் இல்ல. மேல போக வேண்டிய எடத்துல பாதியில நிப்பாட்டிருத. சினிமாப் பாட்டு நாக்குல ஒட்டிக்கிட்டா பொறவு கீர்த்தனை எங்க இனிக்கும்?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெட்கப்படட்டும் என்று விட்டுவிட்டார்.

"மூணு மாசம் நீ பாடகர் குழுவுல பாட வேண்டாம். கன்வென்ஷன்லயும் வேற ஆள் பாடட்டும்."

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கே மனசு கேட்கவில்லை. பிள்ளை அழுவாள், கெஞ்சுவாள், ஒரு மாதமாகக் குறைத்துவிடலாம் என்று உள்ளுக்குள் நினைத்திருந்தார்.

அவள் கெஞ்சவில்லை. "ஆறு மாசமா வச்சிருங்கண்ணே" என்றாள்.

"என்னது?"

"ஞாயிறு பள்ளியில சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்கதையும் நிப்பாட்டிருங்க. கடைசி பெஞ்சுல நான் தனியா உக்காந்துக்கிடுதேன். படம் பாத்ததுக்குத்தான் இந்தத் தண்டனைன்னு நாளைக்குச் சபையில எல்லாருக்கும் கேக்குற மாதிரி நீங்களே சொல்லிருங்க."

பொன்னுராஜ் அசந்துபோனார். தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் காலைப் பிடித்தவர்களை அவருக்குத் தெரியும். கூட்டிக் கேட்டவரைக் கண்டதில்லை. இது வீம்பா, மனந்திரும்புதலா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கோபம் போய், இப்போது கவலை வந்துவிட்டது.

"ஊரு பூராவும் ஒன்னை ஏசும், பிள்ளே."

"ஏசட்டும். ஏசிட்டு மறந்துரும். எங்க அக்கா கல்யாணம் நிக்காதுல்லா?"

"சினிமாவுக்காக மூப்பர் நிப்பாட்ட மாட்டார். அதைத்தான் அவரே சொல்லிட்டாரே."

"அப்ப சரிண்ணே" என்றாள். இரண்டு மாதமாக இறுகிக் கிடந்த முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது.

"ஆறு மாசம் ஒதுங்கி உக்காருத அளவுக்கு, அப்படி என்னதான் படம் அது?"

பரிபூரணம் வாசலை எட்டிப் பார்த்தாள். ஆள் நடமாட்டம் இல்லை. துணிப்பையிலிருந்து அகலமான காக்கிக் கவர் ஒன்றை எடுத்து, உள்ளே இருந்ததை உருவி, சன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். கறுப்பில் வரிவரியாக விலா எலும்புகள் தெரிந்தன. வலது பக்கம் மேலே வெள்ளையாக ஒரு திட்டு.

"பெரியாஸ்பத்திரியில எடுத்த நெஞ்சுப் படம்ண்ணே. டி.பி.ன்னு சொல்லிட்டாவ, ஆறு மாசம் மாத்திரை தின்னா சரியாயிருமாம். அதுவரைக்கும் இது சினிமாப் படமாவே இருக்கட்டும்."