ஐந்து ரூபாய் எந்தப் பக்கம் போகும்?

காலில்லை, ஊரைச் சுற்றும். நுழைந்த வீட்டில் உலை கொதிக்கும். அது என்ன?

ஞானமுத்துவின் கடையில் ரெஜினா என்ற சிறுமி உப்பு வாங்கினாள். மீதி ஐந்து ரூபாய்.

"சில்லறை இல்லை பாப்பா. எள்ளுருண்டையா, சிப்ஸா? ஒன்றை எடுத்துக்கோ" என்றார் அவர்.

கல்லாப்பெட்டிக்குள் கிடந்த ஐந்து ரூபாய் நாணயத்துக்குச் சிரிப்பு வந்தது. "நான் இல்லையாமே! சரி, எது விற்கிறதோ அதை மறுபடி வாங்க என்னைத்தானே அனுப்புவார்? நான் எங்கே போவேன்?"

"நகரத்துக்கு!" என்றது சிப்ஸ் பொட்டலம். "லாரியில் போகலாம். கண்ணாடிக் கட்டடம் பார்க்கலாம்."

"திரும்பி வருவேனா?"

"இதுவரை யாரும் வந்ததில்லை."

"என்னோடு வந்தால் பின்தெருவுக்கு" என்றது ஜாடியிலிருந்த எள்ளுருண்டை. "என்னை உருட்டிய சகாயமேரி அக்கா உன்னை எள் விற்கிறவரிடம் கொடுப்பார். அவர் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுப்பார்."

"அப்புறம்?"

"அவர் சோப்பு வாங்க இங்கேயே வரலாம்."

"இவ்வளவு சுற்றி இந்தப் பெட்டிக்கேவா!" என்று பொட்டலம் கேலி செய்தது. "அது சரி, உன் அக்காவை ஏன் இந்தப் பக்கமே காணோம்?"

எள்ளுருண்டையின் குரல் இறங்கியது. "நான்தான் கடைசி உருண்டை; நான் விலைபோனால்தான் அக்கா புதிதாகக் கொண்டுவருவார். இன்றைக்கும் நான் விலைபோகாவிட்டால், அக்காவிடம் இனி வாங்கப்போவதில்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்."

நாணயம் பெட்டியின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தது.

ரெஜினா இரண்டையும் பார்த்தாள். பொட்டலத்துக்குள் பொம்மை இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றார் ஞானமுத்து. அவள் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.