குண்டு டப்பாவும் சனிக்கிழமையும்

"இந்த டப்பால நூத்திப் பதினஞ்சு கிரெயின், அதுல நூத்தி இருபத்திநாலு. அப்ப அதுல மருந்து ஜாஸ்தியா?"

கல்லாவுக்குப் பின்னால் நின்ற கிளென்னா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். லைமன் இதே கேள்வியைக் கேட்பது இது மூன்றாவது சனிக்கிழமை.

"மருந்து இல்லீங்க, குண்டோட எடை. ரெண்டுமே பயிற்சிக்குத்தான்."

வயோமிங்கின் அந்தச் சின்ன ஊரில் ஹக்கபியின் துப்பாக்கிக் கடைக்கு வருகிறவர்கள் டப்பாவை எடுப்பார்கள், பணத்தை வைப்பார்கள், போய்விடுவார்கள். லைமன் அப்படியில்லை. ஐம்பத்தைந்து வயது, கால்நடை மருத்துவர், தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார். டப்பாவில் அச்சிட்ட ஒவ்வொரு எழுத்துக்கும் அர்த்தம் கேட்பார். குண்டைச் சுற்றிச் செம்பு உறை எதற்கு, பித்தளைத் தோட்டா உசத்தியா இரும்பா, இரும்பென்றால் உள்ளரங்கப் பயிற்சிக் கூடத்தில் ஏன் சுட விடுவதில்லை என்று ஒரு மணி நேரம் ஓடும். கடைசியில் ஒரே ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போவார்.

கணவன் இறந்து ஆறு வருடமாகத் தனியாக இருப்பவள் கிளென்னா. இத்தனை பொறுமையாக அவள் பேசுவதைக் கேட்ட ஆள் சமீபத்தில் வேறு யாருமில்லை. ஆகவே அவளும் அவசரப்படுத்துவதில்லை.

முதலாளி ஹக்கபி வேறு கணக்குப் போட்டார். ஒரு வாரம் ஒன்பது மில்லிமீட்டர், அடுத்த வாரம் நாற்பது காலிபர், அதற்கடுத்த வாரம் நாற்பத்தைந்து என்று இந்த மனிதர் வெவ்வேறு துப்பாக்கிக்கான குண்டாக மாற்றி மாற்றி வாங்குகிறாரே!

"வீட்ல ஒரு படைக்கே ஆயுதம் வெச்சிருக்கான். துப்பாக்கி வைக்கிற அந்தப் பெரிய இரும்புப் பெட்டகத்தை இவன் தலையில கட்டிடு. ரெண்டு வருஷமா இடத்தை அடைச்சிட்டு நிக்குது. இன்னிக்கு விக்கலன்னா, அடுத்த வாரத்துலேர்ந்து அந்த ஆளை நானே கவனிச்சுக்கிறேன். நீ கிடங்கைப் பாரு," என்று காலையில் கறாராகச் சொல்லிவிட்டார்.

கிளென்னாவுக்கோ சனிக்கிழமை கையைவிட்டுப் போய்விடும் போலிருந்தது.

லைமனைப் பெட்டகத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தினாள். கதவு இவ்வளவு கனம், நெருப்புக்கு இத்தனை நிமிடம் தாங்கும் என்று மடமடவென்று ஒப்பித்தாள். அவர் தலையாட்டிக்கொண்டே நின்றார்.

"உங்களுக்கு இந்த அளவு வேணுமா, சின்னது போதுமான்னு பாக்கணும். எத்தனை கைத்துப்பாக்கி இருக்கு?"

லைமன் தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். கழுத்து சிவந்தது.

"வெளிய சொல்ல மாட்டேங்க. அஞ்சா, பத்தா?"

"ஒண்ணுகூட இல்ல," என்றார் லைமன் தரையைப் பார்த்தபடி. "என் வாழ்க்கையில துப்பாக்கியைத் தொட்டதே கிடையாது. வாங்கின பதினோரு டப்பாவும் பிரிக்காம அப்படியே இருக்கு."

"அப்ப இத்தனை டப்பா எதுக்கு?" என்றாள் கிளென்னா.

அவர் மெல்ல நிமிர்ந்தார். "பெட்டகத்தை வேணா எடுத்துக்கிறேன். அதைப் பத்தி நிதானமா விளக்கிச் சொல்ல உங்களுக்கு எத்தனை சனிக்கிழமை ஆகும்?"