பதினெட்டு அடி

கணினியில் அந்த ராம்ப்பின் கோப்பு திறந்ததும் அறிவுமதி பார்த்தது சரிவு என்ற கட்டத்தைத்தான்.

பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஆறுதான்.

பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏற வேண்டும். சக்கர நாற்காலி போகிற ராம்ப்புக்கு அதுதான் கணக்கு. ஆறு அடிக்கே ஓர் அடி ஏறினால் அதற்குப் பெயர் ராம்ப் இல்லை, சறுக்குமரம்.

மூன்று வாரத்துக்கு முன்னால், திருவண்ணாமலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி வாசலில் அது நடந்தது. இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய வயதான அம்மாள் ஒருவர். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி ராம்ப்பில் பிடியை மீறி ஓடிக் கீழே தூணில் மோதியது. பிழைக்கவில்லை.

கட்டிய மேஸ்திரி மணிவேலைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஆள் இன்னும் ரிமாண்டில்.

படத்தில் ஒரு தப்பும் இல்லை, கட்டினவர்தான் கெடுத்துவிட்டார் என்றே அறிவுமதி இத்தனை நாளும் நம்பினாள். கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பாள். படத்தை வரைந்தவளே அவள்தானே.

கட்டடத்தை மண்ணில் கட்டும் முன் கணினிக்குள் முழுசாகக் கட்டிப் பார்க்கிற வேலை அவளுக்கு. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குக் கொஞ்சம் தள்ளி, மாடியில் ஆபீஸ். சரிவாக எது வந்தாலும் அவள் மேசைக்குத்தான் வரும். அந்த ராம்ப்பை அவள் அப்படிச் செய்திருந்தாள்: உயரத்தையும் நீளத்தையும் கொடுத்தால் போதும், சரிவு, கைப்பிடி, பக்கத்துச் சுவர் எல்லாம் தாமாகவே அமைந்துகொள்ளும்.

கோப்பின் பழைய பதிவுகளைத் தேடினாள்.

போன ஆடி மாதத்தில் ஒரு மாற்றம். நீளம் முப்பத்தாறு அடியிலிருந்து பதினெட்டு அடி. மாற்றியவர் பெயர், அறிவுமதி.

ஞாபகம் வந்துவிட்டது. வாசலில் மருந்துக்கடைக்கு இடம் வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டிருந்தார்கள். அவள் ராம்ப்பின் நுனியைப் பிடித்து உள்ளே தள்ளினாள். கைப்பிடியும் சுவரும் கூடவே சுருங்கி வந்து கச்சிதமாக உட்கார்ந்தன. திரையில் ஒரு பிழைகூட வரவில்லை. தான் செய்த பொருள் சொன்னபடி கேட்கிறதே என்று அன்றைக்குச் சந்தோஷம்கூடப் பட்டாள்.

சரிவு பன்னிரண்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கை காட்டு என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம். எழுதவில்லை.

அப்புறம் மணிவேலின் போன். அன்று பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். பஸ்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவதற்குள் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தாள்.

"மேடம், சரிவு ஜாஸ்தியா தெரியுது. பதினெட்டு அடிதானா? ஒருவாட்டி பாத்துச் சொல்லுங்க."

"படத்துல என்ன இருக்கோ அதையே கட்டுங்க மேஸ்திரி."

அவர் கட்டினார்.

முதலாளி சுரேஷ்குமார் பின்னால் வந்து நின்றார். ஸ்டேஷனில் படம் கேட்டிருந்தார்கள். லீவில் இருந்தவளை அதற்காகத்தான் வரச் சொல்லியிருந்தார். திரையைப் பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது.

"முப்பத்தாறுன்னு மாத்திக் குடுத்துடும்மா. மேஸ்திரி உள்ள போய்ட்டான், அதோட போகட்டும். நீ பட்டது போதாதா?"

குரலில் நிஜமான இரக்கம் இருந்தது.

பழைய பதிவுகளை அழிக்கவும் அவளுக்குத் தெரியும். மூன்றைத் தட்டினாள். ஆறைத் தட்டினாள். ராம்ப் சாதுவாக நீண்டு, மருந்துக்கடையின் சுவரைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய் நின்றது.



கோப்பை மூடினாள். மாற்றத்தைச் சேமிக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்றாள். இருந்தது இருந்தபடியே பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள். சுரேஷ்குமார் என்னவோ சொன்னார். அவள் படியிறங்கிவிட்டிருந்தாள்.

ஸ்டேஷன் எழுத்தர் கோதண்டராமன் அவளை முன்பின் பார்த்தவர் இல்லை. பென்டிரைவை வாங்கிக் கவரில் போட்டு ஒட்டினார்.

"சார், மேஸ்திரி மேல தப்பில்ல. பதினெட்டுன்னு போட்டது நான்தான். அவரு போன் பண்ணிக் கேட்டப்பவும் அதையே கட்டச் சொன்னேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

எழுதினாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

தாளைச் சேர்ப்பதற்காக எழுத்தர் வழக்குக் கட்டைப் பிரித்தார். முதல் பக்கத்தில் அவர் கை நின்றது. அதைப் பார்த்தார், புதுத் தாளைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

முதல் பக்கத்தில் இருந்த புகாரிலும் அதே கையெழுத்து.

'ராம்ப்பைச் செங்குத்தாகக் கட்டியிருந்ததால், நான் எவ்வளவு இழுத்துப் பிடித்தும் நாற்காலி கையை மீறிப் போய், என் தாயார் உண்ணாமலை இறந்துவிட்டார். இதற்குக் காரணமானவர் யாராக இருந்தாலும் தப்பவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.'