நழுவ ஒரு கதவு

"டாக்டரம்மா, எங்கிட்ட சொன்னத அப்படியே இங்கயும் சொல்லிடுங்க. அது போதும்."

விசாரணை அறைக்குள் நுழையும்போது முகமது ரபீக் பாய் என்னிடம் சொன்னது இது. ராமநாதபுரத்துக்காரர், கல்கத்தா கிடர்பூரில் டீக்கடை வைத்திருக்கிறார். நான் வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம் என்று பலமுறை சொல்லிவிட்டேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அவர் கடைக்குப் பின்னால் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை. சுற்றியுள்ள சந்துகளில் அறுபத்திரண்டு குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தேன். வீடு வீடாகப் போய்த் தாய்மார்களைச் சம்மதிக்க வைத்தவர் அவர்தான். ஊசிக்கு முதலில் கையை நீட்டியது அவருடைய ஐந்து வயது மகள்.

இரத்தத்தில் ஈயம் மிக அதிகம் என்று முடிவு வந்த அன்று அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன்: இந்தப் புகைதான் பாய், சந்தேகமே இல்லை.

என் ஆராய்ச்சிக் கட்டுரையில் அப்படி எழுதவில்லை.

பட்டறையை மூடுவதா வேண்டாமா என்று இந்த விசாரணையில் முடிவாக வேண்டும். பட்டறைக்காரரின் வக்கீல் என் கட்டுரையையே என்னிடம் நீட்டி, மஞ்சள் கோடு போட்ட வரியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

படித்தேன். பட்டறைப் புகைக்கும் குழந்தைகளின் இரத்தத்தில் உள்ள ஈயத்துக்கும் தொடர்பு இருக்கக்கூடும்.

இருக்கக்கூடும், அவ்வளவுதானே என்றார் வக்கீல்.

இல்லை, புகைதான் காரணம் என்றேன். அப்படியானால் கட்டுரையில் இருப்பது பொய்யா என்று கேட்டார். ஆமாம் என்றால் அறுபத்திரண்டு பேரின் சோதனையும் குப்பைக்குப் போகும். இல்லை என்றால் பட்டறை நாளைக்கும் புகையும். எந்தப் பக்கமும் திரும்ப முடியவில்லை. பயமாக இருந்தது.

எழுதும்போது நழுவ ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொள் என்று என் கைடு ஆறு வருஷம் சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார். வைத்துக்கொண்டேன். இப்போது அந்தக் கதவு வழியாகப் பட்டறைக்காரர் வெளியே போய்க்கொண்டிருந்தார். நான் உள்ளே மாட்டிக்கொண்டேன்.

விசாரணை அதிகாரிக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வங்காள மொழியில் மெதுவாகக் கேட்டார்: ரோஹிணி தேவி, இந்த வரியை மாற்றச் சொல்லி யாராவது உங்களிடம் சொன்னார்களா?

பின் பெஞ்சில் பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரோ மிரட்டித்தான் நான் அப்படி எழுதியிருக்கிறேன் என்று அவர் நம்புவது முகத்திலேயே தெரிந்தது.

யாரும் சொல்லவில்லை என்றேன். அன்று நான் அத்தனை உறுதியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

அதிகாரி குறித்துக்கொண்டார். பாய் தன் மகளின் இரத்தச் சோதனை ரிப்போர்ட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

என் மடியிலிருந்த பையில், கட்டுரை வெளியாகும் முன் அதை மதிப்பிட்டவர் அனுப்பிய கடிதம் இருந்தது. காட்டிவிடலாம் என்றுதான் காலையில் எடுத்து வந்திருந்தேன். இவ்வளவு ஆதாரம் இருக்கும்போது என்ன தயக்கம், பட்டறைதான் காரணம் என்று நேராக எழுதுங்கள் என்று அதில் கேட்டிருந்தார்.

நான் அனுப்பிய பதிலும் அதன் கீழேயே இருந்தது: ஆலோசனைக்கு நன்றி. அந்த வரி இப்படியே இருக்கட்டும்.